ஜனவரியில் காட்டிய படம்

மொரப்பூர், சேலம் ஜில்லா
12-7-1964

அன்புள்ள பாக்கியமேரி அக்காவுக்கும் மச்சானுக்கும் தம்பி சின்னப்பராஜ் வணக்கத்துடன் எழுதுவது.

மாதாவின் தயவில் நானும் முத்துவும் சுகமாக இருக்கிறோம். தங்கவயலில் உங்கள் சுகம் எப்படி? மச்சானுக்கு இருமல் குறைந்ததா?

முத்து பதினோராம் வகுப்புக்கு வந்துவிட்டான். நீங்கள் அவனை என்னிடம் விட்டு இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இன்னும் ஒரே வருஷம். எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டால் அப்பாவைப் போல அவனும் சுரங்கத்தில் இறங்க வேண்டியதில்லை. உங்களுக்குக் கொடுத்த வாக்கை நான் மறக்கவில்லை.

ஒரு புதுச் செய்தி. கோடையில் சேலத்தில் சரித்திர வாத்தியார்களுக்குப் பயிற்சி நடந்தது. பத்து, பதினைந்து நிமிஷம் ஓடும் சின்னச் சின்னப் படங்களைக் காட்டிப் பாடம் நடத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். அமெரிக்கா பாடத்துக்கு நிறையப் படங்கள் இருக்கின்றன. எழுதிக் கேட்டால் சென்னையிலிருந்து ரயில் பார்சலில் ரீல் வருகிறது. காட்டிவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். புரொஜெக்டருக்குத்தான் அலைந்தேன். பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் குடும்பக் கட்டுப்பாடு படம் போட ஒன்று வைத்திருக்கிறார்கள். கெஞ்சிக் கேட்டு வெள்ளிக்கிழமைகளில் வாங்கிவருகிறேன். ஜன்னல்களைக் கோணி கட்டி மறைத்து, என் எட்டு முழ வேட்டியைச் சுவரில் கட்டிவிட்டோம்.

முதல் படம், ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போன கதை. குடும்பம் குடும்பமாக, சட்டி பானையோடு, மாதக்கணக்கில் போகிறார்கள். வழியில் ஒரு குழந்தை செத்துப் போகிறது. புதைத்த இடத்தில் ஒரு பலகை நட்டுவிட்டு வண்டி நகர்கிறது. படத்தில் பேசுகிறவருடைய இங்கிலீஷ் எனக்கே பாதிதான் விளங்கியது. அதனால் சத்தத்தைக் குறைத்துவிட்டு, படம் ஓட ஓட நானே தமிழில் சொன்னேன். முத்துதான் புரொஜெக்டர் பக்கத்தில் நின்று ரீல் சுற்றினான். உங்கள் மகனுக்குக் கைவேலை சுத்தம்.

நம் சொந்த ஊர் கண்ணன்டஹள்ளிப் பக்கம் மழை இல்லை. இங்கே பரவாயில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி,
சின்னப்பராஜ்


மாரிக்குப்பம், கோலார் தங்கவயல்
20-8-1964

அன்புள்ள தம்பிக்கு அக்கா முத்தமிட்டு எழுதுவது.

நாங்கள் இருக்கிறோம். உன் மச்சானுக்கு இருமல் அப்படியேதான். பூமிக்குள் போகிறவருக்கு அது எங்கே போகும்? நீயும் பிள்ளையும் சுகமாக இருப்பதைப் படித்து மனம் குளிர்ந்தது.

படம் காட்டிப் பாடம் நடத்துவதை உன் மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். அந்தக் குழந்தையைப் புதைத்த இடம் வந்ததும் போதும், நிறுத்து என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு ஏனடா அழுகிற கதை? சிரிக்கிற படமாகக் கேட்டு வாங்கு.

முத்துவுக்குச் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடு. அவன் பயம் தெரியாத பிள்ளை. இங்கே ஆறு வயசில் சுரங்கத்து டவர்மேல் பாதி ஏறிவிட்டான். கீழே நின்று கூப்பிட்டதற்கு, "நீ பாக்காதம்மா, நான் எறங்கிருவேன்" என்றான். அது உனக்கு நினைவிருக்கட்டும்.

உனக்கு முப்பத்திரண்டு வயசாகிறது. பெண் பார்க்க எப்போது வருகிறாய்? பதில் போடு.

உன் அக்கா,
பாக்கியமேரி


மொரப்பூர்
15-11-1964

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் ஆண்டவரை வேண்டுகிறேன். நாங்கள் நலம். பெண் பார்ப்பதை முத்துவின் பரீட்சைக்குப் பிறகு பார்க்கலாம்.

போன மாதம் அடிமைகளை விடுவித்த ஜனாதிபதியின் படம் வந்தது. மனுஷர்களை மேடையில் ஏற்றி ஏலம் விடுவதைப் படம் வரைந்து காட்டுகிறார்கள். விடுதலை என்று அறிவித்ததும் வகுப்பே சந்தோஷத்தில் சிரித்தது. முத்துவின் சிநேகிதன் சென்றாயன் என்று ஒரு பையன் இருக்கிறான். பக்கத்து ஊர், வெள்ளாமை பார்க்கிற குடும்பம், அப்பா இல்லை, அம்மா கோவிந்தம்மாள்தான் பாடுபட்டுப் படிக்க வைக்கிறாள். அவன் மட்டும் எழுந்து, "வுடுதலை ஆனவங்களுக்கு நெலம் குடுத்தாங்களா சார்?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அப்ப எங்க போயி வேலை செஞ்சிருப்பாங்க?" என்றான். இப்படிக் கேள்வி கேட்கிற வகுப்பு எனக்கு இதுவரை வாய்த்ததில்லை.

இரண்டு பேரும் எப்போதும் ஒன்றாகவே இருக்கிறார்கள். சென்றாயன் கணக்கில் கெட்டிக்காரன், முத்துவுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். இரண்டு பேருமே தேறிவிடுவார்கள். கிறிஸ்துமசுக்கு முத்துவை அனுப்புகிறேன். ஜோலார்ப்பேட்டையில் வண்டி மாறத் தெரியும், கவலை வேண்டாம்.

சின்னப்பராஜ்


மாரிக்குப்பம்
10-1-1965

அன்புள்ள தம்பிக்கு,

பிறந்த புதுவருஷம் உனக்கு நல்லதாக இருக்கட்டும். பிள்ளை சுகமாக வந்து சேர்ந்தானா? தேள் கடித்த காலைக் கவனி.

இங்கே இருந்த பத்து நாளும் உன் படங்களைத்தான் சொன்னான். போர்வையைக் கட்டிவைத்து, பின்னால் விளக்கை வைத்து, லைன் வீடுகளில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் கை நிழலில் காட்டினான். பேசுவதும் உன்னைப் போலவே. இடையில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி துடைத்துவிட்டு, மறுபடி பேசினான். உன் மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம்.

பேப்பரில் ஏதேதோ எழுதுகிறார்கள். இருபத்தாறாம் தேதியிலிருந்து இந்தி வரப்போகிறது, தமிழ்நாட்டில் பிள்ளைகள் ஊர்வலம் போகிறார்கள் என்று. நம் பிள்ளையை வெளியே விடாதே. பரீட்சை முடியட்டும்.

பாக்கியமேரி


மொரப்பூர்
31-1-1965

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். தேள் கடி ஆறிவிட்டது.

இங்கேயும் ஊர்வலம், கடையடைப்பு எல்லாம் இருக்கிறது. பள்ளிக்கூடம் சில நாள் இல்லை. முத்து என் கண் முன்னாலேயே இருக்கிறான். 22-ந் தேதி ஒரு படம் காட்டினேன், தேயிலைக் கதை. வேறு விசேஷம் இல்லை. பயப்படாதீர்கள்.

சின்னப்பராஜ்


மாரிக்குப்பம்
28-3-1965

தம்பி சின்னப்பராசுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

அடக்கம் முடிந்து வந்ததிலிருந்து மூன்று கடிதம் போட்டுவிட்டேன். நீ ஒரு வரி எழுதவில்லை. தந்தி கிடைத்து நாங்கள் வந்து சேர்ந்தபோது பிள்ளையைப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். முகத்தை மட்டும் பார்த்தேன். விரலில் தார் இருந்தது என்று துணி மாற்றின ரோசம்மாள் சொன்னாள். எவ்வளவு தேய்த்தும் போகவில்லையாம்.

உன் மச்சான் நாலாம் நாளே வேலைக்கு இறங்கிவிட்டார். வீட்டில் இருக்க முடியவில்லை என்கிறார். நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

ஸ்டேஷன் போர்டில் தார் பூசப் போனார்கள், கூட்ஸ் வண்டி வந்துவிட்டது என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். என் பிள்ளையைக் கூட்டிப் போனது யார்? தார் டப்பாவைத் தூக்கி வந்தவன் அந்தச் சென்றாயன் என்று அடக்கத்தின்போது பேசிக்கொண்டார்கள். அவனா? கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான் என்று எழுதினாயே, அவனா? அவன் கை விளங்காமல் போக வேண்டும். பூசைக்குப் போகிறவள் இப்படிச் சொல்லக் கூடாதுதான். சொல்கிறேன். எழுது.

பாக்கியமேரி


மொரப்பூர்
25-4-1965

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதங்கள் நான்கும் வந்தன. எழுத உட்கார்ந்து எழுந்துவிடுவேன். மன்னிக்கவும். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி பத்தாம் தேதி விடிகாலையில் இரண்டு பேரும் போயிருக்கிறார்கள். பிளாட்பாரக் கோடியில் இருக்கும் ஊர்ப் பெயர்ப் பலகையில் இந்தி எழுத்தின்மேல் தார் பூசும்போது போர்ட்டர் பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறார். முத்து தண்டவாளத்தின் பக்கம் குதித்துவிட்டான். வண்டி டிரைவர் மேல் தப்பில்லை. சென்றாயன்தான் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினான். போவதற்குள் முடிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் விசாரணை வைத்தார்கள். சென்றாயனை நீக்கிவிட்டார்கள். சர்டிபிகேட்டில் நடத்தை சரியில்லை என்று சிவப்பு மையில் எழுதிவிட்டதால், பரீட்சை எழுதவில்லை. வேறு பள்ளியிலும் சேர முடியாது. நல்லம்பள்ளியில் தாய்மாமன் நிலத்தில் வேலை செய்கிறானாம்.

படங்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இனிமேல் வாங்கப் போவதில்லை.

மச்சானுக்கு என் வணக்கம்.

சின்னப்பராஜ்


மாரிக்குப்பம்
6-6-1965

சின்னப்பராசுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேராகவே கேட்கிறேன்.

உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாகப் படித்தேன். பிள்ளையின் பெயர் எங்கெங்கே வருகிறது என்று பார்க்கத்தான் எடுத்தேன். நீ எந்தப் படம் காட்டினாலும் பக்கம் பக்கமாக எழுதுவாய். யார் என்ன கேட்டார்கள், யார் சிரித்தார்கள் என்று எல்லாம் இருக்கும். ஜனவரியில் காட்டின படத்துக்கு மட்டும் ஒரு வரி. தேயிலைக் கதை. அதோடு சரி. பிள்ளை செத்த பிறகு, கேட்காமலே படங்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்கிறாய். படத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

உன் மச்சானை அனுப்பி இங்கே பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரிடம் விசாரித்தேன். அமெரிக்காவில் தேயிலைக் கதை என்றால் என்ன என்று. அவர் சொன்னதை உன் மச்சான் வந்து சொன்னார். சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை நீ பிள்ளைகளிடம் என்ன சொன்னாய்?

பாக்கியமேரி


மொரப்பூர்
12-9-1965

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. தினமும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே பள்ளிக்குப் போய்வந்தேன்.

இங்கிலாந்து ராஜாங்கம் அமெரிக்காவில் இருந்தவர்களைக் கேட்காமல் வரி போட்டது. பாஸ்டன் துறைமுகத்தில் ஆட்கள் மாறுவேஷத்தில் கப்பலில் ஏறி, பெட்டி பெட்டியாகத் தேயிலையைத் தண்ணீரில் கொட்டினார்கள். பன்னிரண்டு நிமிஷப் படம். பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். அதைக் காட்டியதில் என்ன தப்பு என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் படத்தின் பேச்சை நான் குறைத்துவிடுவேன் அல்லவா? பிள்ளைகள் கேட்டது என் பேச்சைத்தான்.

அன்றைக்கு எல்லோருக்கும் ரத்தம் சூடாக இருந்தது. எனக்கும்தான். படம் முடிந்து கோணியை அவிழ்க்கும் முன்பே நான் பேசினேன். "இவர்கள் யாரையும் அடிக்கவில்லை. ஒரு பிடித் தேயிலையை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. வேண்டாம் என்பதை ஊர் பார்க்கச் செய்து காட்டினார்கள். நம் ஊரில் அப்படிச் செய்து காட்ட என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்" என்றேன். வகுப்பு முழுவதும் கை தட்டியது. அக்கா, பதினோரு வருஷமாக வாத்தியாராக இருக்கிறேன். எனக்கு அதற்கு முன் யாரும் கை தட்டியதில்லை.

இதோடு நின்றிருந்தால்கூட உங்கள் முகத்தைப் பார்க்கத் துணிவு வந்திருக்கும். பிப்ரவரி ஒன்பதாம் தேதி சாயங்காலம் சாப்பிடும்போது முத்து என்னிடம் கேட்டான். "மாமா, நம்ம ஸ்டேசன் போர்டுல இந்தி எழுத்து மேல தார் பூசுனா, அது தேயிலைய கொட்டுன மாதிரிதானுங்களே?" நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தலையைக்கூடத் தூக்கவில்லை. "ஆமா, அதே மாதிரிதான்" என்றேன். அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனான். காலையில் எழுந்தபோது அவன் பாய் சுருட்டி வைத்திருந்தது.

பயம் தெரியாத பிள்ளை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. விசாரணையில் ஹெட்மாஸ்டர் பக்கத்து நாற்காலியில் நானும் உட்கார்ந்திருந்தேன். "யார்ரா உங்களுக்கு இதைச் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார்கள். சென்றாயன் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாருமில்லீங்க. நானேதானுங்க" என்றான். மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் அதையே சொன்னான். நான் எழுந்திருக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். அதற்குப் பிறகு நீங்கள் அவனைச் சபித்து எழுதினீர்கள். அதைப் படித்தபோது, அக்கா, எனக்கு ஆறுதலாக இருந்தது. உங்கள் கோபத்துக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டான் என்று. இதை எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி இல்லை.

சின்னப்பராஜ்


மாரிக்குப்பம்
14-11-1965

சின்னப்பராசுக்கு,

உன் கடிதத்தை உன் மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் மொரப்பூர் வந்தோம். மெழுகுவத்தி கொளுத்தினோம். உன் வீட்டு வழியாகத்தான் திரும்பினோம். கதவு திறந்திருந்தது. நீ முற்றத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாய். தலை நரைத்துவிட்டது உனக்கு. நான் நின்றேன். உன் மச்சான் நடந்துவிட்டார். நானும் நடந்தேன்.

மறுநாள் பஸ் ஏறி நல்லம்பள்ளிக்குப் போனோம். அந்தப் பையன் கேழ்வரகு அறுத்துக்கொண்டிருந்தான். நான் யார் என்று சொன்னதும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அடிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறான். அவன் அம்மா ஓடிவந்து நடுவில் நின்றாள். என்ன நடந்தது என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.

"ரெண்டு எழுத்துதான் பூசியிருந்தமுங்க. போர்ட்டர் சத்தம் போட்டாரு. நான் இந்தப் பக்கம் குதிச்சேன். அவன் அந்தப் பக்கம் குதிச்சுட்டானுங்க" என்றான்.

தூக்கிக்கொண்டு ஓடும்போது பிள்ளை பேசினானா என்று கேட்டேன். பேசினானாம். "மாமாகிட்ட சொல்லாதடா" என்றானாம். ஒரே தடவை. மாமாவை இதில் இழுக்காதே என்கிறான் என்று எடுத்துக்கொண்டுதான் இவன் விசாரணையில் உன் பெயரைச் சொல்லவில்லை. சிநேகிதன் கடைசியாகக் கேட்டுக்கொண்டது என்று காப்பாற்றியிருக்கிறான்.

என் பிள்ளை அதை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டான். அடிபட்டதைச் சொல்லாதே என்றுதான் சொல்லியிருப்பான். சின்னதில் முழங்காலில் ரத்தத்தோடு வந்தாலும் அப்பாகிட்டே சொல்லாதம்மா என்பான். நீ கோபித்துக்கொள்வாய் என்று பயந்திருக்கிறான். பயம் தெரியாத பிள்ளை கடைசியில் உனக்குத்தான் பயந்திருக்கிறான். இதை நான் சென்றாயனிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

இந்தக் கையால்தான் அவன் கை விளங்காமல் போகட்டும் என்று எழுதினேன். அந்தக் கையில்தான் என் பிள்ளை கிடந்திருக்கிறான்.

நீ பள்ளிக்கூடத்தில் போய் உள்ளதைச் சொல். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. அவன் சர்டிபிகேட்டில் எழுதினதை எடுக்கச் சொல். அது நடந்த பிறகு எனக்கு எழுது. அதுவரை எழுதாதே.

பாக்கியமேரி


பென்னாகரம், தர்மபுரி ஜில்லா
27-2-1966

மதிப்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் மச்சானும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

டிசம்பரில் எழுதிக் கொடுத்தேன். ஹெட்மாஸ்டர் படித்துவிட்டு, "பத்து மாசம் கழிச்சு இதை ஏன் சார் கொண்டாந்தீங்க?" என்று கேட்டார். முன்பே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றேன். நிர்வாகத்தில் கூப்பிட்டு இரண்டு தடவை விசாரித்தார்கள். ஜனவரியோடு என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். போகிற அன்று பதினோராம் வகுப்பில் நின்று, நடந்ததை நானே சொன்னேன்.

சென்றாயனுக்குப் புது சர்டிபிகேட் கொடுத்துவிட்டார்கள். வருகிற மாதம் தனித் தேர்வராகப் பரீட்சை எழுதுகிறான். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கோவிந்தம்மாள் வாங்கிக்கொண்டாள். எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். பாடம் சொல்லித்தரட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "வேண்டாங்க சார். நானே படிச்சுக்கறேன்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

இங்கே ஒரு பங்குச் சாமியார் நடத்தும் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். தற்காலிகம்தான். பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதக் கையைப் பிடித்துச் சொல்லித்தருகிறேன். முப்பது பிள்ளைகள். பேச்சு அதிகம் தேவைப்படுவதில்லை.

நீங்கள் சொன்னது நடந்துவிட்டது என்று தெரிவிக்கவே எழுதினேன். பதில் எதிர்பார்க்கவில்லை.

சின்னப்பராஜ்


மாரிக்குப்பம்
1-5-1966

தம்பிக்கு,

உன் மச்சானுக்கு இருமலில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார். நான் இருக்கிறேன். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

போன ஞாயிற்றுக்கிழமை சென்றாயன் வந்தான். பரீட்சை முடிந்ததும் ஒருமுறை வா என்று நல்லம்பள்ளியில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். வருவான் என்று நினைக்கவில்லை. கணக்கு நன்றாக எழுதியிருக்கிறானாம். வெட்கப்பட்டுக்கொண்டு கொஞ்சமாகத்தான் சாப்பிட்டான். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளை உயரம்தான் இருப்பான். உன் மச்சான் அவனைக் கூட்டிக்கொண்டு சுரங்கத்து வாசல் வரைக்கும் போய்வந்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அவன் போன பிறகு உன் மச்சான், "ஒன் தம்பி அங்க தனியாவா இருக்கான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

லீவு விட்டதும் வா. மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. எழுதினால் பொய்யாக இருக்கும். உன் மச்சான் உன்னோடு பேச மாட்டார். நானும் அதிகம் பேச மாட்டேன். சோறு போடுவேன், சாப்பிடு. உன்னை அனுப்பிவிட்டுப் பிறகு அழலாம் என்று இருக்கிறேன். முடியாவிட்டால் நீ இருக்கும்போதே அழுவேன். நீ எழுந்து போய்விடாமல் உட்கார்ந்திரு.

அக்கா